ஒரு மனு, ஒரு மணி நேரம்: ஆடம்ஸ் வழக்கில் அரசு வழக்கறிஞர்கள் எடுத்த முடிவுகள்

ஆய்வின் எல்லை

மேலிடம் தன் பணியின் அடிப்படைக்கே எதிராக நிற்கிறது என்று ஓர் அரசு வழக்கறிஞர் உணரும்போது, சுற்றியிருப்பவர்கள் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இருக்கப் போகிறீர்களா, விலகப் போகிறீர்களா? 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அமெரிக்க நீதித் துறையில், நியூயார்க் மேயராக இருந்த எரிக் ஆடம்ஸ் மீதான ஊழல் வழக்கைச் சுற்றி நடந்தவற்றை நாள்வாரியாகப் பார்த்தால் இது பாதிக் கேள்விதான் என்று புரிகிறது. விலகிய எல்லாருடைய விலகலும் ஒரே விளைவைத் தரவில்லை. பணியில் தங்கிக் கையெழுத்திட்ட ஒருவரின் தியாகம், எதைக் காக்கச் செய்யப்பட்டதோ அதைக் காக்கவில்லை. கிளம்புவதற்கு முன் எதை, யாருக்கு, எழுத்தில் வைத்தார்கள் என்பதுதான் பின்னால் எடைபோடப்பட்டது.

இரண்டு விளக்கங்கள். நீதித் துறை என்று இங்கே சொல்வது நீதிமன்றங்களை அல்ல. அட்டர்னி ஜெனரலின் தலைமையில் இயங்கும், அரசாங்கத்தின் ஓர் அங்கமான துறையை. வழக்கறிஞர்களைப் பெயரால் குறிப்பிடாமல் வகித்த பொறுப்பால் குறிப்பிடுகிறேன். பெரும்பாலான விவரங்கள் நீதிமன்ற ஆவணங்களிலும் வெளியான கடிதங்களிலும் உள்ளவை. பிப்ரவரி 14 காலையில் நடந்த காணொலிக் கூட்டம் பற்றியவை மட்டும் செய்தி நிறுவனங்கள் வழியாகத் தெரிய வந்தவை. அந்த அளவு எச்சரிக்கையோடு அவற்றைப் படிக்க வேண்டும்.

பின்னணி

2024 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸ் மீதான குற்றப்பத்திரிகை வெளியானது. சதி, மோசடி, வெளிநாட்டவரிடம் தேர்தல் நன்கொடை கோரியது, லஞ்சம் என மொத்தம் ஐந்து குற்றச்சாட்டுகள். துருக்கியத் தரப்பிலிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள விமானப் பயணங்களையும் சலுகைகளையும் பெற்றார், பதிலுக்குத் துருக்கித் தூதரகக் கட்டடத்தைத் தீயணைப்புத் துறையின் ஒப்புதல் சிக்கலிலிருந்து மீட்டுத் திறக்க உதவினார் என்பது அதன் சாரம். மேயர் எல்லாவற்றையும் மறுத்தார். விசாரணை 2025 ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது.

வழக்கைத் தொடுத்தது மன்ஹாட்டனில் உள்ள நியூயார்க் தென் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம். வாஷிங்டனின் தலையீட்டை அவ்வளவாக ஏற்காத அலுவலகம் என்று பல பத்தாண்டுகளாகப் பெயரெடுத்த இடம் அது.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப்பின் புதிய அரசு பதவியேற்றது. மறுநாளே அந்த அலுவலகத்துக்கு இடைக்காலத் தலைவர் ஒருவர் வந்தார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அவரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வது அவசியம். அவர் முந்தைய அரசின் ஆள் இல்லை. புதிய அரசே அமர்த்தியவர். உச்ச நீதிமன்றத்தின் பழமைவாத நீதிபதிகளில் முதன்மையானவராகக் கருதப்பட்ட ஸ்காலியாவிடம் சட்ட எழுத்தராக, அதாவது ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் நீதிபதிக்கு உதவும் இளம் வழக்கறிஞராக, இருந்தவர். வழக்கை நேரடியாக நடத்திய முதன்மை வழக்கறிஞரும் இராணுவத்தில் பணியாற்றியவர். இன்றைய தலைமை நீதிபதி ராபர்ட்ஸிடம் எழுத்தராக இருந்தவர். ஆகவே இதைக் கட்சிச் சண்டையாகப் படிப்பது தவறு.

இதில் வரும் இன்னொரு அமைப்பு வாஷிங்டனில் உள்ள பொது நேர்மைப் பிரிவு. அரசியல்வாதிகள், அதிகாரிகள் மீதான ஊழல் வழக்குகளைக் கையாள்வது அதன் வேலை. அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1976இல், அரசியல் தலையீட்டுக்கு ஆளாகாமல் இப்படிப்பட்ட வழக்குகள் நடக்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

முன்னரே தென்பட்ட அறிகுறிகள்

ஜனவரி 28 அன்று அரசு ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போதே ராஜினாமாவுக்கு ஒப்புக்கொண்டால் செப்டம்பர் இறுதிவரை ஊதியம் உண்டு என்றது அது. பல குடும்பங்களில் இருப்பதா போவதா என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஆனால் பணமும் பாதுகாப்பும் பற்றிய பேச்சாக.

ஜனவரி 31 அன்று வாஷிங்டனில் ஒரு கூட்டம். துணை அட்டர்னி ஜெனரல் பொறுப்பில் இருந்தவர் தலைமை தாங்கினார். அவரும் ஒரு காலத்தில் மன்ஹாட்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். பிறகு, இப்போதைய அதிபரின் சொந்தக் குற்ற வழக்குகளில் அவருக்காக வாதாடியவர். மேயரின் வழக்கறிஞர்களும் மன்ஹாட்டன் குழுவும் வந்திருந்தார்கள். வழக்கு நீடித்தால் குடியேற்றச் சட்ட அமலாக்கத்தில் மேயரால் அரசுக்கு உதவ முடியாது என்ற வாதம் அங்கே முன்வைக்கப்பட்டது. இடைக்காலத் தலைவர் பின்னர் எழுதிய கடிதத்தின்படி, அது கொடுக்கல் வாங்கலுக்கு ஒப்பான பேச்சு. மேயர் தரப்பு இதைத் திட்டவட்டமாக மறுத்தது.

அந்தக் கடிதத்தின் அடிக்குறிப்பில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. மன்ஹாட்டன் குழுவில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். தலைமை தாங்கியவர் அவரைக் கண்டித்தார். கூட்டம் முடிந்ததும் குறிப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். வழக்கறிஞர்கள் கூடிப் பேசும் இடத்தில் குறிப்பெடுப்பது மூச்சு விடுவதைப் போன்ற வழக்கம். அதைத் தடுத்தது, எனக்குத் தெரிந்தவரை, அந்த மாதத்தின் மிகத் தெளிவான அறிகுறி. சட்டப்படி சரியா என்ற விவாதம் எல்லாம் அதற்குப் பின்புதான் வருகிறது.

பிப்ரவரி 5 அன்று பதவியேற்ற அட்டர்னி ஜெனரல் அன்றே ஒரு சுற்றறிக்கை விட்டார். சொந்தக் கருத்து காரணமாக மனுவில் கையெழுத்திட மறுக்கும், அல்லது நீதிமன்றத்தில் தோன்ற மறுக்கும் அரசு வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும், பணிநீக்கமும் செய்யப்படலாம் என்றது அது. தனக்குப் பிடிக்காத கொள்கைக்காக வாதாடுவது அரசு வழக்கறிஞருக்குப் புதிதல்ல. ஒவ்வோர் ஆட்சி மாற்றத்திலும் அவர்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் ‘இந்தக் கொள்கை எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ‘இந்த வாதம் உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்’ என்பதும் வேறு வேறு. சுற்றறிக்கையின் நிழலில் இரண்டும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன.

பிப்ரவரி 10: உத்தரவு

வழக்கைத் திரும்பப் பெறும்படி திங்கட்கிழமை எழுத்து மூலம் உத்தரவு வந்தது. அதில் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. தேர்தல் நெருங்கும் காலத்தில் போடப்பட்ட வழக்கு என்ற தோற்றம் ஒன்று. குடியேற்றமும் வன்குற்றங்களும் சார்ந்த பணிகளில் மேயர் முழுக் கவனம் செலுத்த முடியாமல் வழக்கு தடுக்கிறது என்பது மற்றொன்று. சாட்சியத்தின் வலிமையையோ வழக்கின் சட்ட அடிப்படையையோ மதிப்பிடாமலே இந்த முடிவுக்கு வந்ததாக உத்தரவே வெளிப்படையாகச் சொன்னது.

திரும்பப் பெறுவதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. வழக்கை மறுபடி தொடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பப் பெற வேண்டும். நவம்பர் மேயர் தேர்தல் முடிந்ததும் மறுபரிசீலனை செய்யப்படும். உத்தரவில் மிக ஆபத்தான பகுதி இதுதான். வழக்கு முற்றாக முடிந்தால் மேயர் விடுபடுவார். முடியாமல் கிடந்தால், ஒவ்வொரு நாளும் அரசின் மனம் கோணாமல் நடக்க வேண்டிய நிலையில் இருப்பார். மன்ஹாட்டன் வழக்கறிஞர்கள் இதை உடனே கண்டுகொண்டார்கள் என்பது அவர்களின் கடிதங்களிலிருந்து தெரிகிறது.

முதல் முடிவு: முதலில் கடிதம், பிறகு விலகல்

இடைக்காலத் தலைவர் முன் இருந்த வழிகள் அதிகமில்லை. கையெழுத்திடலாம். பேசாமல் ராஜினாமா செய்யலாம். மறுத்துவிட்டுப் பணிநீக்கத்துக்குக் காத்திருக்கலாம். அவர் எடுத்தது இவற்றில் எதுவும் அப்படியே இல்லை. பிப்ரவரி 12, புதன்கிழமை, தன் நேர் மேலதிகாரியைத் தாண்டி அட்டர்னி ஜெனரலுக்கே எட்டுப் பக்கக் கடிதம் எழுதினார். மின்னஞ்சல் வழி வந்த ராஜினாமா சலுகையின் கதவு அடைபட்டதும் அதே நாளில்தான். தற்செயல்தான் என்றாலும் இரு வகை விலகல்கள் ஒரே தேதியில் சந்தித்துக்கொண்டன.

கடிதத்தின் அமைப்பு கூர்ந்து படிக்கத் தக்கது. வழக்கின் சாட்சியம் வலுவானது என்கிறது. ஜனவரி 31 கூட்டத்தில் நேரில் கண்டதையும் கேட்டதையும் பதிவு செய்கிறது. கொடுக்கப்பட்ட காரணங்கள் ஏன் நிற்காது என்று ஒவ்வொன்றாக எடுத்து வாதிடுகிறது. நீதிபதி இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமாட்டார், துருவிக் கேட்பார் என்று எச்சரிக்கிறது. இதற்கெல்லாம் பிறகுதான், நேரில் சந்தித்துப் பேச வாய்ப்புக் கேட்டு, முடிவு மாறாவிட்டால் விலகத் தயார் என்கிறது.

ராஜினாமா கடைசிப் பகுதியில்தான் வருகிறது. கோபத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தன்னைப் பற்றியும் அதிகமில்லை. நல்லெண்ணத்தோடு இந்த வாதத்தை நீதிமன்றத்தில் வைக்க என்னால் முடியாது என்ற ஒற்றைக் காரணத்தின் மேல் மொத்தக் கடிதமும் நிற்கிறது. நீதிமன்றத்திடம் உண்மை பேசும் கடமை வழக்கறிஞர் தொழிலின் நடத்தை விதிகளில் உள்ளது. எந்தச் சுற்றறிக்கையாலும் அதை ரத்து செய்ய முடியாது. அந்தத் தளத்தில் காலூன்றியதால்தான் ‘இது உங்கள் சொந்தக் கருத்து’ என்று ஒதுக்குவது கடினமானது.

மேலிடத்தின் பதில்

மறுநாளே அதே நீளத்தில் பதில் வந்தது. விலகல் ஏற்கப்பட்டது. அது கீழ்ப்படியாமை என்று சாடப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரின் கொள்கைக்கு முரணாக அரசமைப்பைத் தாமாகப் பொருள்கொள்ளும் அதிகாரம் ஓர் அரசு வழக்கறிஞருக்கு இல்லை என்பது அதன் மைய வாதம். இதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. வாக்குப் பெற்றவர்களுக்கு வாக்குப் பெறாதவர்கள் அடங்க வேண்டும் என்பது ஜனநாயகத்தில் எடை உள்ள வாதமே. வழக்கைத் தொடுப்பதா விடுவதா என்பதில் நிர்வாகத்துக்குப் பரந்த உரிமை இருக்கிறது என்பதையும் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இடிக்கும் இடம் வேறு: வழக்கை விட மேலிடத்துக்கு அதிகாரம் இருக்கலாம், அதற்காக, தான் நம்பாத காரணத்தைத் தன் பெயரில் நீதிபதியிடம் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த அது உரிமை தராது.

வழக்கில் பணியாற்றிய மற்ற வழக்கறிஞர்கள் சிலர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டு, துறைசார் விசாரணைக்கும் உள்ளாக்கப்பட்டார்கள். முதன்மை வழக்கறிஞர் மறுநாள் வெளியான கடிதத்தோடு விலகினார். தனக்கு இந்த அரசின் மேல் பொதுவான வெறுப்பு எதுவும் இல்லை என்பதை அதில் தெளிவுபடுத்தியிருந்தார்.

இரண்டாம் முடிவு: தலைவர்கள் முதலில் வெளியேறியது

மன்ஹாட்டன் மறுத்ததும் வழக்கு வாஷிங்டனுக்கு, பொது நேர்மைப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. வியாழக்கிழமையே நீதித் துறையின் குற்ற வழக்குகளைக் கவனிக்கும் குற்றவியல் கோட்டத்தின் பொறுப்புத் தலைவரும் அந்தப் பிரிவின் பொறுப்புத் தலைவரும் விலகினார்கள். அன்றே பிரிவிலிருந்து மேலும் மூவர் போனார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மதிக்கத் தக்க முடிவு. சேர்த்துப் பார்க்கும்போது ஒரு சிக்கல் தெரிகிறது. மன்ஹாட்டன் கடிதத்தைப் போல விரிவான ஆவணம் எதுவும் அவர்களிடமிருந்து அப்போது வெளிவரவில்லை. அதைவிட முக்கியமாக, மேலே இருந்தவர்கள் ஒரே மாலையில் போனதால், கீழே இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் தங்களுக்காகப் பேச ஆளில்லாமல் மேலதிகாரியின் முன் நின்றார்கள். அவர்கள் ஒருநாள் பொறுத்து, தங்கள் பிரிவினரோடு பேசிவிட்டு, எல்லாருக்குமாகச் சேர்த்து எழுத்தில் ஒரு மறுப்பை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த ஒருநாள் அவர்களுக்கு உண்மையில் கிடைத்திருக்குமா என்பதும் நியாயமான எதிர்க்கேள்வியே.

பிப்ரவரி 14: ஒரு மணி நேரம்

செய்தி நிறுவனங்கள் சொன்னதன்படி, வெள்ளிக்கிழமை காலை பிரிவின் வழக்கறிஞர்கள் காணொலிக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார்கள். மனுவில் யார் கையெழுத்திடுவது என்று முடிவு செய்ய ஒரு மணி நேரம் தரப்பட்டது. யாரும் முன்வராவிட்டால் எல்லாருக்கும் வேலை போகலாம் என்று அங்கிருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். எல்லாரும் சேர்ந்து ராஜினாமா செய்வது பற்றியும் பேச்சு நடந்தது. நேரம் கரைந்தது. வீட்டுக் கடன், படிக்கும் பிள்ளைகள், ஓய்வூதியத்துக்கு எட்டாத ஆண்டுகள், கையில் இருக்கும் மற்ற வழக்குகளின் சாட்சிகள்: இவற்றையெல்லாம் ஒரு மணி நேரத்தில் யாராலும் எடைபோட முடியாது. இந்த அவசரம் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் தனித்தனியாக அஞ்சுவதற்கு ஒரு மணி நேரம் போதும். ஒன்றாகச் சேர்ந்து ஒரு நிலைப்பாட்டுக்கு வர அது போதாது.

கடைசியில் நீண்டகாலம் பணியாற்றிய மூத்த வழக்கறிஞர் ஒருவர் ஒப்புக்கொண்டார். இளையவர்களை நெருக்கடியிலிருந்து காப்பதற்காகத்தான் என்று அவருடைய சகாக்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள்.

அவரைக் கோழை என்றவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழியைத் தலையில் தாங்கிக்கொண்டு பிறர் வேலையைக் காப்பாற்றுவதற்கும் தைரியம் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு சரிதானா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

‘யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும்’ என்ற வாதத்துக்கு அமெரிக்காவில் பிரபலமான முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1973 அக்டோபர் 20 அன்று, வாட்டர்கேட் சிறப்பு வழக்கறிஞரைப் பணிநீக்கம் செய்ய அதிபர் நிக்சன் உத்தரவிட்டார். அட்டர்னி ஜெனரலும் துணை அட்டர்னி ஜெனரலும் மறுத்து வெளியேறினார்கள். மூன்றாம் இடத்தில் இருந்த சொலிசிட்டர் ஜெனரல் (உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் வழக்கறிஞர்) உத்தரவை நிறைவேற்றினார். அவரும் விலகினால் துறையை நடத்தவே ஆளிருக்காது என்று வெளியேறிய இருவரும் தன்னை இருக்கச் சொன்னதாகப் பின்னர் விளக்கினார். அந்த வாதத்துக்கு அன்று ஓர் அடிப்படை இருந்தது: பதவி வரிசையில் அவருக்குக் கீழே வேறு யாரும் தெளிவாக இல்லை.

2025இல் நிலைமை அதுவல்ல. அன்று மாலை தாக்கலான மனுவைப் பாருங்கள். மூத்த வழக்கறிஞரோடு குற்றவியல் கோட்டத்தின் பொறுப்பாளர் ஒருவரும் கையெழுத்திட்டிருக்கிறார். கூடவே உத்தரவிட்ட துணை அட்டர்னி ஜெனரலின் கையெழுத்தும் இருக்கிறது. அவரே தனியாகக் கையெழுத்திட்டு மனுவை முதல் நாளே தாக்கல் செய்திருக்கலாம், சட்டத்தில் தடையில்லை. அப்படியானால் கீழே இருந்த ஒருவரின் கையெழுத்து எதற்குத் தேவைப்பட்டது? ஆட்சி மாறினாலும் மாறாதவர்கள், கட்சி சாராதவர்கள் என்ற நம்பகத்தன்மை அவர்களிடம்தான் இருக்கிறது. அந்த நம்பகத்தன்மையைத்தான் மேலிடம் கேட்டது. கேட்கப்பட்டது இன்னதென்று அந்த ஒரு மணி நேரத்தில் தெளிந்திருந்தால், பிரிவினர் வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு.

நீதிமன்றத்தில்

அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறையின் 48ஆம் விதிப்படி, தொடுத்த வழக்கை அரசு திரும்பப் பெற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் அது சடங்குதான். நீதிபதி டேல் ஹோ அதைச் சடங்காக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 19 அன்று விசாரணை. அரசுத் தரப்பு மேசையில் துணை அட்டர்னி ஜெனரல் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். கையெழுத்திட்ட மற்ற இருவரும் அருகில் இல்லை. அரசியல் நியமனம் பெற்ற அந்த உயரத்தில் உள்ள ஒருவர் தனியாக வந்து வாதாடுவது அரிது. யாருக்கும் தான் எந்த வாக்குறுதியும் தரவில்லை என்று மேயர் சத்தியம் செய்து சொன்னார். இரு தரப்பும் ஒரே பக்கம் நின்றதால், எதிர்வாதத்தை எடுத்து வைக்க முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல் ஒருவரை நீதிபதி பிப்ரவரி 21 அன்று அமர்த்தினார். வழக்கை அறவே முடித்துவிடுங்கள், மறுபடி தொடுக்கும் உரிமையை அரசின் கையில் விடாதீர்கள் என்பதுதான் அவர் தந்த ஆலோசனை.

ஏப்ரல் 2 அன்று 78 பக்கத் தீர்ப்பு வந்தது. வழக்கை நடத்தும்படி நீதித் துறையைக் கட்டாயப்படுத்த நீதிமன்றத்தால் முடியாது என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் அரசு கேட்ட விதத்தில் கொடுக்கவில்லை. மறுபடி தொடுக்க முடியாதபடி முடித்துவைத்தார். உரிமையை அரசிடம் விட்டால், குடியேற்ற அமலாக்கத்தில் மேயர் எவ்வளவு ஒத்துழைக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய சுதந்திரம் இருக்கும் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் எழும் என்றார். பிப்ரவரி 13 அன்று, எல்லைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிபரின் அதிகாரியைச் சந்தித்த பிறகு, நியூயார்க் நகரின் ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்குள் குடியேற்ற அதிகாரிகளை அனுமதிக்கும் ஆணை பிறப்பிக்கப்போவதாக மேயர் அறிவித்ததையும் தீர்ப்பு கணக்கில் எடுத்தது. நடந்ததில் பேரத்தின் வாடை இருப்பதாக நீதிபதி எழுதினார். மன்ஹாட்டன் வழக்கறிஞர்களிடம் தவறான நோக்கம் இருந்ததற்குச் சான்று எதுவுமே இல்லை என்றும் பதிவு செய்தார்.

இங்கே கடிதங்களின் எடை தெரிகிறது. பிப்ரவரி 12 கடிதமும் அதற்கு வந்த பதிலும் தீர்ப்பில் அலசப்பட்டன. இடைக்காலத் தலைவர் காரணம் எழுதாமல் விலகியிருந்தால், நீதிபதியின் முன் அரசின் மனுவும் அதற்கு மேயர் தந்த ஒப்புதலும் மட்டுமே இருந்திருக்கும். பேரம் என்ற சொல்லுக்கு வழியே இருந்திருக்காது. அந்தக் கடிதம் எழுதப்பட்டதால் மேலிடமும் தன் காரணங்களை இன்னும் விரிவாக எழுத்தில் வைக்க நேர்ந்தது. இதன் பயன் அதிகம் பேசப்படவில்லை.

பின்விளைவுகள்

கட்டாய விடுப்பில் இருந்த மன்ஹாட்டன் வழக்கறிஞர்கள் மூவரின் முடிவு ஏப்ரல் 22 அன்று வெளியானது. பணிக்குத் திரும்ப வேண்டுமானால் வழக்கைத் திரும்பப் பெற மறுத்ததில் அலுவலகம் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டதாகவும், செய்யாத தவற்றை ஒப்புக்கொள்ள முடியாது என்றும் எழுதிவிட்டு விலகினார்கள். இவர்கள் எடுத்தது மூன்றாம் வழி: கையெழுத்தும் இடாமல், தாமாகவும் போகாமல், நிபந்தனையை மேலிடமே சொல்லும்வரை காத்திருந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. எல்லாராலும் அது முடியாது.

பொது நேர்மைப் பிரிவு காப்பாற்றப்படவில்லை. முப்பது பேருக்கு மேல் இருந்த அந்தப் பிரிவு, விலகல்களாலும் இடமாற்றங்களாலும், சில மாதங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. மூத்தவர் கையெழுத்திட்டதால் இளையவர்களுக்கு சில வாரச் சம்பளமும் வேறு வேலை தேட அவகாசமும் கிடைத்தன என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. குடும்பம் நடத்துபவர்களுக்கு அது பெரிதுதான். ஆனால் ‘பிரிவு நிலைத்தால் ஊழல் வழக்குகள் நிலைக்கும்’ என்ற நம்பிக்கை பலிக்கவில்லை.

துணை அட்டர்னி ஜெனரல் பொறுப்பில் இருந்து உத்தரவிட்டவர், 2025 ஜூலை 29 அன்று, செனட்டில் 50க்கு 49 என்ற கணக்கில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக உறுதி செய்யப்பட்டார். மேயர் செப்டம்பர் 28 அன்று மறுதேர்தல் போட்டியிலிருந்து விலகினார்.

தங்கியவர்களின் பாதையும் எளிதாக இல்லை. ஏப்ரல் 4 அன்று, வேறொரு பிரிவைச் சேர்ந்த அரசு வழக்கறிஞர் ஒருவர், மேரிலாந்து நீதிமன்றத்தில் ஒரு நாடுகடத்தல் வழக்கில், அந்த மனிதரை அனுப்பியிருக்கக் கூடாது என்று நீதிபதியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். மறுநாளே விடுப்பில் அனுப்பப்பட்டார். அதே மாதம் வேலை போனது. அரசின் கொள்கைகளுக்காக நீதிமன்றங்களில் வாதாடும் பிரிவில் ஏறத்தாழ 110 பேரில் 69 பேர், 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிந்தைய காலத்தில், விலகிவிட்டார்கள் அல்லது விலகப்போவதாக அறிவித்துவிட்டார்கள் என்று ராய்ட்டர்ஸ் ஜூலையில் செய்தி வெளியிட்டது.

மாற வேண்டியவை

தன் எல்லை எது என்பதை ஒவ்வொருவரும் உத்தரவு வருவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை இரண்டு வாரம் இருந்தது. மன்ஹாட்டனில் அந்த இரண்டு வாரம் பயன்பட்டது. எட்டுப் பக்கக் கடிதம் ஒரே இரவில் தயாராகிற ஆவணம் அல்ல. வாஷிங்டன் பிரிவுக்கு வழக்கு வியாழக்கிழமைதான் வந்தது. ஆனால் பிப்ரவரி 5 சுற்றறிக்கை அவர்களுக்கும் வந்ததுதான். ‘இப்படி ஒரு மனு நம் மேசைக்கு வந்தால் என்ன செய்வோம்?’ என்று அன்றைக்கே உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ஒரு மணி நேரத்தின் பிடி தளர்ந்திருக்கும்.

எல்லையை எங்கே வைப்பது என்பதில் ‘பிடிக்கவில்லை’ என்பதை அளவாகக் கொள்ளக் கூடாது. கொள்கை பிடிக்காதவர் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம், அல்லது பொறுத்துக்கொண்டு வாதாடலாம். அரசுப் பணியில் அது உள்ளதுதான். நீதிபதியிடம் பொய்யான காரணம் சொல்லச் சொன்னாலோ, சான்றுக்குத் தொடர்பில்லாத லாபத்துக்காக வழக்கைத் தொடுக்கவோ விடவோ சொன்னாலோ, அங்கே மாற்றம் கேட்டுப் பயனில்லை. நாம் நகர்ந்தால் அடுத்த நாற்காலிக்காரரிடம் அதே தாள் போகும்.

தலைவர்கள் விலகுவதாக இருந்தால், தமக்குக் கீழே இருப்பவர்கள் சார்பில் எழுத்தில் ஒரு நிலைப்பாட்டை வைத்துவிட்டே போக வேண்டும். முடிந்தால் அவர்கள் கடைசியாக வெளியேற வேண்டும். கீழே இருப்பவர்களும், யார் கையெழுத்திடுவது என்ற கேள்வியை ஏற்றுக்கொண்டு அதற்குள் விடை தேடுவதற்குப் பதிலாக, ‘உத்தரவிட்டவரே கையெழுத்திடலாமே’ என்று எல்லாருமாக எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் மாலையில் எப்படியும் கையெழுத்திடத்தான் செய்தார்.

தங்குவது என்று முடிவு செய்பவர், எதற்காகத் தங்குகிறார் என்பதைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அளவுக்குத் துல்லியமாக வைத்துக்கொள்வது நல்லது: இந்த வழக்கு, இந்தச் சாட்சி, இந்த இளைய சகா. ‘நிறுவனத்தைக் காக்க’ என்பது மிகப் பரந்த காரணம்; எந்தக் கையெழுத்தையும் அதற்குள் அடக்கிவிடலாம். சில மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்து, அதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக, நடைமுறை சார்ந்த சில. குறிப்பெடுக்கும் வழக்கம் தடுக்கப்பட்டால், கூட்டம் முடிந்ததும் நினைவிலிருந்து எழுதித் தேதியிட்டு, துறையின் விதிகள் அனுமதிக்கும் வழியில் கோப்பில் சேர்க்க வேண்டும்; இரகசிய ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோவது தன்னையே குற்றவாளியாக்கும். தொழில்நெறி ஆலோசகரின் கருத்தை முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்திருப்பது, கீழ்ப்படியாமை என்ற குற்றச்சாட்டு வரும்போது உதவும். சில மாதச் செலவுக்குப் பணம் கையில் இருந்தால் சுதந்திரமாக முடிவெடுக்க முடியும். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அந்த மூன்று மன்ஹாட்டன் வழக்கறிஞர்களுக்கு இருந்ததைப் போன்ற அவகாசம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தன் சொந்த வழக்கறிஞர் யார் என்பதையும் அரசு வழக்கறிஞர் முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஜனவரி 31 கூட்டத்தில் மேயரின் சார்பில் வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிப்ரவரி 14 காலைக் கூட்டத்தில் அந்தப் பிரிவினருக்காகப் பேச அப்படி யாரும் இல்லை.